தள்ளி ஓட்டுற பழைய புல் மெஷினைத் திரும்ப ஓட வச்ச அனுபவம் – உங்களோடதையும் சொல்லுங்க

போன ஏப்ரல்ல பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷெட்டைக் காலி பண்ணும்போது ஒரு புல் வெட்டுற மெஷினை வெளில வச்சிருந்தார். கரண்டும் கிடையாது பெட்ரோலும் கிடையாது, கையால தள்ளுற மெஷின், ரெண்டு பக்கமும் இரும்புச் சக்கரம், குவால்காஸ்ட் டெர்பின்னு வார்ப்புலயே எழுத்து. அவங்க அப்பா வாங்கினதாம். பழைய இரும்புக்குப் போடப்போறேன்னார், குடுங்க நான் பார்க்கிறேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப இருக்கிறது இங்கிலாந்துல கிளாஸ்டர் பக்கம், ஆனா வளர்ந்தது கரூர்ல அப்பாவோட சைக்கிள் கடையில, துருப்பிடிச்ச சக்கரத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது.

ரீல், அதாவது பிளேடுங்க மாட்டின உருளை, சுத்தவே இல்ல. போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊற வச்சேன், அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டா தலை மழுங்கிடும், அப்புறம் ட்ரில் பண்ணித்தான் எடுக்கணும். பேரிங்கைப் பிரிச்சா உள்ள அப்படியே சைக்கிள் ஆக்சில்தாங்க, கோன், பால்ஸ், கிரீஸ் மட்டும் காஞ்சு தார் மாதிரி ஆயிருந்துச்சு. மண்ணெண்ணெய்ல கழுவி, புது பால்ஸ் போட்டு, கோனை டைட் பண்ணினேன். ஆட்டமும் இருக்கக்கூடாது பிடிப்பும் இருக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லுவார், இதுல அது சைக்கிளை விட முக்கியம். ஏன்னா ரீல்ல அஞ்சு பிளேடு திருகின மாதிரி வளைஞ்சு ஓடுது, அதுக்குக் கீழ அசையாத நேர் பிளேடு ஒண்ணு, இது ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி சேர்ந்துதான் புல்லை வெட்டணும். ரீல் நூலளவு தூக்கினாலும் புல்லு மடங்கிப் படுத்துக்கும், வெட்டாது.

பலபேர் பிளேடு மழுங்கிடுச்சுன்னு மெஷினைத் தூக்கிப் போடுறதே இதனாலதான்னு நினைக்கிறேன், பாதி நேரம் மழுங்கல் இல்ல, இடைவெளிதான் கோளாறு. அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, நியூஸ் பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழிச்சு கீழ்ப் பிளேடு மேல வச்சு ரீலை மெதுவா கையால சுத்தணும் (விரல் பத்திரம்), இடது ஓரம், நடு, வலது ஓரம்னு எல்லா எடத்துலயும் எல்லா பிளேடும் பேப்பரைச் சுத்தமா நறுக்கணும். என்னோடதுல இடது பக்கம் நறுக்குச்சு, நடுவுல மடிச்சு விட்டுச்சு.

இப்ப எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரீல் தண்டோட ரெண்டு முனையிலயும் சின்னப் பல் சக்கரம் இருக்கு, அதுக்குள்ள தண்டுல ஒரு காடி, அந்தக் காடில சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு எஃகுத் துண்டு சும்மா நகர்ந்துக்கிட்டு இருக்கும். சைக்கிள் ஃப்ரீவீல்ல டிக் டிக்னு கேக்குமே அதே வேலைதான், முன்னாடி தள்ளினா பிடிக்கும், பின்னாடி இழுத்தா விட்டுடும். நான் கழுவி வச்சதுல இடது வலது மாறிப்போச்சு. எல்லாம் மாட்டி முடிச்சு தள்ளிப் பார்க்கிறேன், சக்கரம் ஓடுது ரீல் நிக்குது. பின்னாடி இழுத்தா ரீல் தலைகீழா சுத்துது! ஒரு நாள் வேலை போச்சேன்னு அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

ஆனா சாணை பிடிக்க வேண்டியதே அப்படித்தான். இந்த ரீலை உரசுறது பின்பக்கமா சுத்தித்தான், முன்பக்கமா சுத்தினா முனை போய்க் குத்தும். கார் எஞ்சின் வால்வு உக்கார வைக்கிற கிரைண்டிங் பேஸ்ட்டை பிரஷ்ஷால பிளேடு முனை முழுக்கத் தடவி, மெஷினைக் கவுத்துப் போட்டு, சக்கரத்தைப் பின்பக்கமா சுத்திக்கிட்டே இருந்தேன். முதல்ல கரகரன்னு சத்தம், போகப் போக சர்ர்னு ஒரே சீரா ஆகும், அப்ப ரீலுக்கும் கீழ்ப் பிளேடுக்கும் நடுவுல இடைவெளியைக் குறைக்கிற அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை ரெண்டு பக்கமும் ஒரு துளி திருப்பி மறுபடி பேஸ்ட். முக்கால் மணி நேரத்துல அஞ்சு பிளேடு ஓரத்துலயும் மங்கின சாம்பல் கலர்ல கோடு இழுத்த மாதிரி ஒரு பட்டை முழு நீளத்துக்கும் வந்துருச்சு. நடுவுலயும் வந்துச்சு பாருங்க, அதுதான் வேணும். அப்புறம் பேஸ்ட்டை ஒரு பொட்டு விடாம கழுவிடுங்க, பேரிங்குக்குள்ள போச்சுன்னா பால்ஸைத் தின்னுடும். பல் சக்கரத்தை இடம் மாத்தி மாட்டிட்டு பேப்பர் வச்சேன், ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் நறுக் நறுக்.

இன்னொண்ணு, இந்த மாதிரி புல் மெஷின் முதமுதலா பிறந்த ஊர் எங்க வீட்டுக்குப் பக்கம்தான், ஸ்ட்ரவுட். அங்க துணி மில்லுங்க நிறைய, கம்பளித் துணி மேல எழும்புற பஞ்சை ஒரே மட்டமா நறுக்க திருகு பிளேடு ரீல் வச்ச மெஷின் இருந்துச்சு. எட்வின் பட்டிங்னு ஒருத்தர் அதைப் பார்த்துட்டு புல்லையும் இப்படி வெட்டலாமேன்னு யோசிச்சு 1830 ஆகஸ்ட் 31ல பேட்டன்ட் வாங்கினார், அதுவரைக்கும் இங்க புல்தரைன்னா அரிவாளும் ஆடும்தான். நம்ம கரூரும் துணி ஊராச்சா, அந்த மில் கதையைக் கேட்டதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஸ்க்ரூ ஸ்பேனர்ல ஒரு ஆரம்பகால டிசைனும் அவரோடதுதான், நான் இந்த மெஷினைப் பிரிச்சதும் ஸ்க்ரூ ஸ்பேனராலதான்.

ஸ்காபரோவில இருந்து ஒரு பதில்:
அண்ணை, நல்லா எழுதியிருக்கிறியள். நான் இஞ்ச கனடாவில ஒரு பழைய மெஷின் வாங்கி, கீழ்ப் பிளேடைக் கழட்டி ஒரு கடையில சாணை பிடிக்கக் குடுத்தனான். அவங்கள் பெரிய கிரைண்டர் கல்லில வச்சு அழுத்திப்போட்டாங்கள், சூடாகி ஓரம் நீலமாப் போச்சுது, பதம் போனபடியா ஒரு மாசத்திலயே மொட்டை. பிறகு வேற ஒண்டு தேடி எடுத்து தட்டை அரத்தாலதான் ராவினனான், ஒரே கோணத்தில, ஒரே பக்கமா. மற்றது, புல்லை உயர விட்டிட்டு வெட்டப் போகாதேங்கோ, ரீல் அதைப் படுக்கப் போட்டிட்டு மேலால போயிடும்.

குன்னூர்லேர்ந்து ஒரு பதில்:
எங்க தாத்தா எஸ்டேட் பங்களாவுல தோட்டவேலை பார்த்தாருங்க. அங்க இருந்த மெஷின் பெருசு, பின்னாடி உருளை வச்சது, ஒருத்தர் தள்ள ஒருத்தர் முன்னாடி கயிறு கட்டி இழுப்பாங்க. வெட்டி முடிச்சதும் இருட்டுனாலும் பிளேடைத் தொடைச்சு எண்ணெய் தடவாம வீட்டுக்கு வரமாட்டாரு. அந்த மெஷின் இப்ப எங்க வீட்லதான் இருக்குதுங்க. ஆனா அதுல நீங்க சொல்ற மாதிரி மாத்தி மாட்ட பல் சக்கரம் இல்ல, ஒரு பக்கம் மட்டும்தான் கியர். எப்படி பின்னாடி சுத்துறது?

என் பதில்:
அம்மணி, கியர் மூடியைக் கழட்டிட்டு, ரீல் தண்டு முனையில நட்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுக்குப் பொருந்துற சாக்கெட்டை ட்ரில்லுல மாட்டி, ரீல் பின்பக்கமா சுத்துற திசையில, இருக்கிறதுலயே மெதுவான ஸ்பீடுல ஓட்டுங்க. நட்டு கழண்டு வந்துச்சுன்னா நிறுத்திடுங்க, அந்தத் திசையில கழலுற மறைன்னு அர்த்தம், அடுத்த முனையில போடுங்க, அங்கயும் ரீல் பின்பக்கமாத்தான் சுத்தணும். அதுக்கு முன்னாடி பேரிங் ஆட்டம் பாருங்க. தாத்தா எண்ணெய் தடவி வச்ச மெஷின், பேப்பர் டெஸ்ட் பண்ணாம பேஸ்ட் டப்பாவைத் திறக்காதீங்க, ஸ்க்ரூவைத் திருப்பினாலே வெட்டினாலும் வெட்டும். மூடியைக் கழட்டினதும் ஒரு ஃபோட்டோ போடுங்க.