யேல் பல்கலைக்கழகத்துக்கும் நம்ம கோட்டைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பெரம்பூர் மாமா (கேள்வி):
என் அக்கா மகளுக்கு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறாள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நேற்று ஒரு நண்பர், "யேல்ங்கிறவர் நம்ம கோட்டையில கவர்னரா இருந்தவர், அவர் பையன் சமாதி ஹைகோர்ட் பக்கத்துல இருக்கு" என்றார். நிஜமா? அப்புறம், அங்கே ஒரு சிலையின் கால் விரலைத் தொட்டால் பரீட்சையில் ஜெயிக்கலாமாமே? தெரிந்தவர்கள் நாலு விஷயம் சொல்லுங்கள், அவளிடம் சொல்லி அனுப்புகிறேன்.

பாரிமுனை வாசி:
நிஜம்தான் சார். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் கடைசியில் திறந்தது. ஒரு வாரத்தில், நவம்பர் 4-ம் தேதி, இவருக்கு அங்கே கல்யாணம். அந்தப் பதிவேட்டில் முதல் திருமணம் அதுதான்.

ஆறு வருஷ நியூ ஹேவன்:
என் கணவர் யேலில் ஆராய்ச்சியில் இருந்தபோது ஆறு வருஷம் நியூ ஹேவனில் குடியிருந்தோம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கல்லூரி 1701-ல் ஆரம்பித்தபோது அதற்கு யேல் என்ற பெயரே இல்லை. 1718-ல் நியூ ஹேவனில் கட்டடம் எழுப்பப் பணம் போதாமல் நின்றார்கள். லண்டனில் பெரும் பணக்காரராக உட்கார்ந்திருந்த எலிஹு யேலுக்குக் கடிதம் போனது. அவர் அனுப்பியது 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கை விற்று வந்த 562 பவுண்டுக்குத்தான் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாஸ்டனில் பிறந்தவர், மூன்று வயதில் கப்பலேறியவர், அதன் பிறகு அமெரிக்காவை எட்டிப் பார்க்கவே இல்லை. வைர வியாபாரம் உட்பட அவர் பணம் சேர்த்தது நம்ம ஊரில். சொந்த லாபத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகாரில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது.

இதை உங்கள் மருமகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தலைவராக இருந்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். யேலின் பழைய ஓவியம் ஒன்றில் அவர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓரமாக, கழுத்தில் உலோகப் பட்டை மாட்டிய ஒரு சிறுவன் நிற்கிறான். அதை முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. கேட்க வேண்டியதுதான்.

கால் விரல் விஷயம்: பழைய வளாகத்தில் உல்சி என்ற முன்னாள் தலைவரின் வெண்கலச் சிலை. உடம்பெல்லாம் கறுத்திருக்கும், இடது காலின் முனை மட்டும் பொன் மாதிரி மின்னும். தொடுவது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள். எனக்குத் தெரிந்த மாணவர்கள் யாரும் அதில் கை வைத்ததில்லை. ராத்திரியில் பையன்கள் அதன் மேல் சிறுநீர் கழிப்பதாகப் பேச்சு. அதனால் அவள் தொட வேண்டாம்.

அவள் தொட வேண்டியது வேறொன்று. ஸ்டெர்லிங் நூலகத்தின் வாசலில் பச்சைக் கருங்கல்லில் ஒரு மேஜை, மேலே மெல்லிசாக நீர் ஓடிக்கொண்டே இருக்கும். சிற்பி மாயா லின் அங்கே படித்தவர், வியட்நாம் போர் நினைவுச் சுவரை மாணவியாக இருக்கும்போதே வடிவமைத்தவர். 1993-ல் அவர் செய்து வைத்த கல் இது. ஒவ்வொரு வருஷமும் யேலில் எத்தனை பெண்கள் படித்தார்கள் என்று நத்தை ஓடு மாதிரி சுழித்துச் செதுக்கியிருக்கிறார். நடுவில் ஆரம்பித்தால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்... விரலை வைத்துக்கொண்டே போனால் பூஜ்யம் முடிய நேரமாகும். இளங்கலையில் பெண்களைச் சேர்த்ததே 1969-ல்தான். நாங்கள் அதைப் பார்க்கப் போனபோது என் மகளுக்கு ஐந்து வயது. "இது ஏம்மா எல்லாமே முட்டையா இருக்கு?" என்று தண்ணீருக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பைனெக்கி நூலகத்தையும் விடக் கூடாது. ஜன்னலே கிடையாது, சுவரே மெல்லிய பளிங்குப் பலகை. வெளியே பார்த்தால் சாம்பல் நிறம், உள்ளே போனால் வெயில் அதன் வழியாகத் தேன் நிறத்தில் இறங்கும். ஐரோப்பாவில் அச்சுக்கோத்து முதன்முதலாக அச்சிட்ட பெரிய புத்தகமான குட்டன்பர்க் பைபிள் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

தேவனாம்பட்டினத்துக்காரன்:
கடலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1690-ல் யேல் காலத்தில்தான் மராத்தியர்களிடமிருந்து எங்கள் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி வாங்கியது. பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அதுவரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிப் போன ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்பார்கள்.

பெரம்பூர் மாமா:
எல்லோருக்கும் நன்றி. சமாதியைப் போய்ப் பார்க்கலாமா?

ஆறு வருஷ நியூ ஹேவன்:
பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மேலே கூம்பிக்கொண்டு போகும் உயரமான கட்டுமானம். யேலின் மகன் டேவிட், சின்னஞ்சிறு வயதில் போய்விட்டவன். அவன் அம்மாவின் முதல் கணவர் ஹின்மர்ஸும் அங்கேதான் இருக்கிறார். 2023-ல் அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி ஹைகோர்ட்டில் ஒரு உத்தரவு வந்தது, அதனால் விசாரித்துவிட்டுப் போங்கள். நான் ஊருக்கு வந்திருந்தபோது மகளோடு போனேன். அப்பா பெயரில் அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், பிள்ளை இங்கே தனியாக. எங்களிடம் பூ இல்லை. மகள் தன் தலையிலிருந்த முல்லையில் கொஞ்சம் கிள்ளி வைத்தாள்.

குளிருக்குப் போடும் கோட்டு இங்கே வாங்காதீர்கள். அங்கே அக்டோபரில் வாங்கிக்கொள்ளலாம்.