விண்டோஸ் 11-லிருந்து 10-க்குப் போகப் பார்த்தால் டிரைவே காட்டவில்லை

வைகைக்கரை:
நண்பர்களே, அப்பாவின் கடைக் கணக்கு ஓடுகிற லேப்டாப் இது. ஐ3 11-ஆம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கும்போது விண்டோஸ் 10 ஹோம்தான், தீபாவளி சமயத்தில் 11-க்கு மாறியது, அதிலிருந்து பில் போடுகிற மென்பொருளையும் க்ரோமையும் சேர்த்துத் திறந்தாலே மவுஸ் நகர மாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' பட்டன் மங்கலாகக் கிடக்கிறது. சரி என்று பென்டிரைவில் 10-ஐ ஏற்றி பூட் செய்தால், எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கிற திரையில் ஒரு டிரைவ்கூட இல்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா? ஆனால் 11 ஒழுங்காக பூட் ஆகிறதே!

தறிநாடா:
எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீங்க. 'கோ பேக்' மாறிய 10 நாளுக்குத்தான் வேலை செய்யும், அப்புறம் பழைய 10 இருக்கிற விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை விண்டோஸே அழித்துவிடும். டிரைவ் தெரியாததற்குக் காரணம் இன்டெல் விஎம்டி, அதாவது எஸ்எஸ்டியை நிர்வகிக்கிற இன்டெல் ப்ராசஸரின் ஒரு வசதி. 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி அதன் பின்னால்தான் இருக்கிறது, அதை விண்டோஸுக்கு அடையாளம் காட்டுகிற மென்பொருளான டிரைவர் 10-இன் செட்டப்பில் கிடையாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஆர்எஸ்டி டிரைவரை (விஎம்டிக்கான டிரைவர் இதுதான்) இறக்கி, பிரித்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கிற ஃபோல்டரை அதே பென்டிரைவில் போடுங்கள். அந்த வெற்றுத் திரையிலேயே 'லோட் டிரைவர்' என்று இருக்கும், அதில் காட்டினால் டிரைவ் வந்துவிடும். லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் வரும், ஆனால் அணைத்ததும் இப்போதுள்ள 11 நீலத்திரையில் நின்றுவிடும். வைஃபை டிரைவரையும் மறக்காமல் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் நெட்டே இல்லாமல் உட்கார வேண்டியதுதான். விண்டோஸ் ஆக்டிவேஷன் கீ கேட்டால் இல்லை என்று தாண்டிவிட்டு 10 ஹோமையே போடுங்கள், நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

மழைக்கால்:
வழி சரிதான், ஆனால் அவசரப்படாதீங்க. 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அவ்வளவுதான். கடைக் கணக்கும் வங்கி வேலையும் நடக்கிற மெஷினை அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறை 4 ஜிபி ரேமில்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

வைகைக்கரை:
பார்த்தேன் அண்ணா, இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. க்ரோமைத் திறந்தால் மெமரி 93 சதவீதம் போகிறது. அப்போ 8 ஜிபி ரேம் ஒன்று போட்டுப் பார்க்கிறேன், அதற்கும் மசியாவிட்டால் 10. கணக்கெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, சி-யை மட்டும் அழித்தால் அது தப்பிக்குமா?

தறிநாடா:
டி-யைத் தொடாவிட்டால் இருக்கும். ஆனால் 11 ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கிற வசதி) ஓடிக்கொண்டிருந்தால் டி-யும் பூட்டியிருக்கும், 10 போட்ட பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து இப்போதே தாளில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை அணைத்து அது முழுதாக முடிகிற வரை காத்திருங்கள். எதற்கும் கணக்குக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிட்டு அப்புறம் கையை வையுங்கள்.