டீசல் சிஜே 3பி: 5.38 ஆக்சிலை மாற்றுவதா, கியர்பாக்ஸை மாற்றுவதா?

ஏரிக்கரை ஜீப் (வேளச்சேரி)

வணக்கம். என்னிடம் இருப்பது அப்பா காலத்து சிஜே 3பி ஜீப். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு 2112 சிசி பியூஜோ டீசல் வைத்து, ஆர்சியிலும் அப்பாவே ஏற்றிவிட்டார். கியர்பாக்ஸ் பழைய மூன்று கியர் டி-90, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் பெட்டி) டானா 18, ஆக்சில் விகிதம் 5.38, அதாவது ஷாஃப்ட் 5.38 சுற்று போனால் சக்கரம் ஒரு சுற்று. டயர் 235/75 ஆர்15.

மதுராந்தகம் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போய்வரத்தான் வண்டி. ஜிஎஸ்டி சாலையில் 70 தொட்டாலே எஞ்சின் கத்துகிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. ஆனால் ஐப்பசி மழையில் ஏரிப் பாசனக் களிமண்ணில் இறங்கி வரப்போரமாக ஊர்ந்து போக இதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அந்தக் குணம் போய்விடக் கூடாது. புதுப்பேட்டையில் ஒரு கடையில் 4.27 கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) இருக்கிறது, போட்டால் 100-இல் போகலாம் என்கிறார்கள். எங்கள் மெக்கானிக் நான்கு கியர் பெட்டி போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

டீசல் அம்பத்தூர்

4.27 போடுங்க பாஸ். என் நீள ஜீப்பில் போட்டிருக்கிறேன், ரோட்டில் வண்டியே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன் ஆக்சிலுக்கும் சேர்த்து வாங்க மறக்காதீர்கள்.

பெரம்பூர் பெரியவர்

தம்பி, காசு கொடுக்கும் முன் வண்டிக்குள் நிஜமாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். இத்தனை வருஷத்தில் யார் எதைக் கழற்றி எதைப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. முன்சக்கரங்களுக்கு நல்ல கட்டையாக வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கட்டும். பழைய 3பி-யில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபருக்குப் பின்னால் ஷாஃப்ட்டை. அதனால் ஹேண்ட்பிரேக்கை விட்டால்தான் ஷாஃப்ட் சுற்றும், கட்டையை நம்பித்தான் வண்டி நிற்கும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள் (மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் ஒன்றுக்கு இரண்டு சுற்று வேண்டும்). அதற்குள் ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் விகிதம். ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 5.38, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88. முன் ஆக்சிலையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள். இந்த டிரான்ஸ்ஃபரில் நடுவில் டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) கிடையாது. முன்னும் பின்னும் வேறு வேறு விகிதமாக இருந்து ஃபோர் வீலில் போட்டால் ஏதோ ஒன்று முறிந்தே தீரும்.

இப்போது கணக்கு. உங்கள் டயர் ஏறக்குறைய 29 அங்குலம். டாப் கியர் நேரடி 1:1. 5.38 என்றால் 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 3100 ஆர்பிஎம். 4.27 போட்டால் 2500-க்கு அருகில் இறங்கும். அம்பத்தூர் நண்பர் சொல்லும் சுகம் அதுதான், நிஜம்தான். ஆனால் சேற்றில்? டி-90 முதல் கியர் 2.8, டானா 18 லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37, அதாவது எஞ்சின் 37 சுற்று போனால் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் 1000-இல் ஓடும்போது வண்டி நாலு கி.மீ.க்கும் கீழே ஊரும். 4.27 வைத்தால் 37 என்பது 29 ஆகிவிடும். நீங்கள் இழக்க மாட்டேன் என்று சொன்ன குணம் அதில்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

நான்கு கியர் பெட்டி வாங்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: டாப் என்ன விகிதம்? அதுவும் 1:1 என்றால் ஜிஎஸ்டி சாலையில் சத்தம் ஒரு துளி குறையாது. ஓவர்டிரைவ், அதாவது 1:1-ஐ விடக் குறைந்த விகிதம், உள்ள ஐந்து கியர் பெட்டி வேறு விஷயம். ஐந்தாவது 0.8 அளவில் இருந்தால் 5.38 × 0.8 = 4.3. சாலையில் 4.27 ஆக்சில் தரும் அதே ஓட்டம், நிலத்தில் பழைய 5.38.

100 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 80 அங்குல வீல்பேஸ், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இந்த வண்டியை 100-இல் ஓட்டச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஏரிக்கரை ஜீப்

ரொம்ப நன்றி ஐயா. ஐந்து கியர் பெட்டி இருக்கிற இடத்தில் உட்காருமா? பின் ஷாஃப்ட் இப்போதே குட்டையாகத்தான் இருக்கிறது. 31 அங்குல டயர் போட்டாலும் ஆர்பிஎம் குறையுமே என்று தம்பி சொல்கிறான்.

பெரம்பூர் பெரியவர்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். பெட்டி பழையதை விட எத்தனை அங்குலம் நீளமோ அத்தனை அங்குலம் டிரான்ஸ்ஃபர் பின்னால் போகும், பின் ஷாஃப்ட் அவ்வளவு குறையும். குட்டையான ஷாஃப்ட்டில் யூ ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு) கோணம் ஏறும், அதிரும், சீக்கிரம் போகும். நீள ஜீப்பில் இது ஒரு பிரச்சினையே இல்லை. உங்களுடையதில் பெட்டியைத் தரையில் வைத்து அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நீளமே கூடாத வழி ஒன்று உண்டு. டானா 18-க்குப் பின்னால் பிடிஓ (வெளிக் கருவிகளை ஓட்ட எஞ்சின் சக்தியை எடுக்கும் அமைப்பு) மாட்டும் வாயில் பொருந்துகிற ஓவர்டிரைவ். வார்ன் கம்பெனி செய்த பழைய மாடல் எல்லாக் கியரிலும் எஞ்சின் சுற்றை 25 சதவீதம் குறைக்கும், 5.38 சாலையில் 4-ஐ ஒட்டி வந்துவிடும். வெளிநாட்டுச் சரக்கு, விலை கடிக்கும். ஆனால் ஆக்சிலையும் ஷாஃப்ட்டையும் தொட வேண்டாம், வேண்டாத நாளில் கழற்றியும் வைக்கலாம். என் வண்டியாக இருந்தால் இதற்குத்தான் பணம் சேர்ப்பேன்.

31 அங்குல டயரில் 5.38 என்பது 5.0 போல ஓடும். அதற்காக ஸ்டியரிங்கும் பிரேக்கும் படும் பாடு அதிகம், வேண்டாம்.

டீசல் அம்பத்தூர்

பெரியவர் சொல்வது சரி. எனக்கு முழுக்க ரோட்டு ஓட்டம், சேறு கிடையாது. 4.27 எனக்குப் பொருந்தும், உங்களுக்கு இல்லை.

ஏரிக்கரை ஜீப்

அதுவரை 3100-இல் ஓட்டினால் எஞ்சினுக்கு ஏதும் ஆகுமா ஐயா?

பெரம்பூர் பெரியவர்

ஆகாது. அது டிராக்டர் எஞ்சின் இல்லை, பியூஜோ 504 காரில் இருந்த அதே குடும்பம். 4500 வரை சுற்றுவதற்காகச் செய்தது. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் 75-இல் நாள் முழுக்க ஓடும். சத்தத்துக்கு ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள தகட்டில்) தடிமனான ரப்பர் ஷீட் ஒட்டிப் பாருங்கள். அப்புறம், டி-90-க்கும் டானா 18-க்கும் நடுவே எண்ணெய் கசிந்து கலக்கும், அதனால் இரண்டிலும் ஒரே ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஆக்சிலுக்கு மட்டும், கியர்பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது.