திருநெல்வேலி பக்கம் இருட்டினாலே ரோவர் ஃப்ளோட் ஆகிறது, உதவி தேவை

சர்வேதம்பி:
அவசரம். திருநெல்வேலி பக்கம் சோலார் சைட் வேலை. பகலில் ஆர்டிகே ஜிபிஎஸ் ரோவர் (கையில் கொண்டுபோகும் ரிசீவர்) சென்டிமீட்டர் துல்லியத்தில் அருமையாக ஃபிக்ஸ் ஆகிறது. சாயங்காலம் ஆனால் துல்லியம் குறைந்து ஃப்ளோட்டுக்குப் போய்விடுகிறது, சாட்டிலைட்டும் ஒவ்வொன்றாக விழுகிறது. பேட்டரி, ஆன்டெனா கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று. நாளைக்கு லெவல் கொடுத்தே ஆக வேண்டும்.

கோணமானி:
சாயங்காலம் என்றால் எத்தனை மணி? ஒரே இடத்தில் நின்று திருத்தம் அனுப்பும் பேஸ் ரிசீவர் எவ்வளவு தூரம்? திருத்தம் வருவது ரேடியோவிலா, சிம்மிலா? சாட்டிலைட் அலைவரிசை எல்1 மட்டுமா, எல்2வும் உண்டா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

பேஸ்பாண்டி:
சிம்தான் காரணம். 7 மணிக்கு மேல் ஊரே போனில் படம் பார்க்கும், நெட் திணறும், திருத்தம் வராது. எனக்கும் இதே கதை நடந்தது.

கோணமானி:
திருத்தம் தாமதமானால் ஃபிக்ஸ் போகும், சாட்டிலைட் விழாது. கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவரலாம்.

சர்வேதம்பி:
ஏழேமுக்காலுக்குத் தொடங்கி 10 மணி வரை. பேஸ் 4 கிமீ. ரேடியோ. எல்1 எல்2 இரண்டும் உண்டு.

குறுஅலை:
மார்ச் கடைசி, தென்கோடி, இருட்டிய பிறகு. அயனி மண்டலக் குமிழி, அதாவது உயரே மின்னேறிய காற்றடுக்கில் விழும் ஓட்டை என்றே எனக்குப் படுகிறது தம்பி. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. சூரியன் இறங்கியதும் 100 கிமீ உயரத்து ஈ அடுக்கு சட்டென்று கரையும், மேலே எஃப் அடுக்கு இன்னும் உயரும். அதன் அடிப்பக்கத்தில் லேசான நெளிவு விழுந்தாலும் போதும், அடர்த்தி குறைந்த பிளாஸ்மா (மின்னேறிய வாயு) அந்த இடத்தில் பிய்த்துக்கொண்டு மேலே ஏறும். அந்த நெளிவைப் போடுவது பெரும்பாலும் காற்றில் எழும் ஈர்ப்பு அலை. இடிமேகம் காற்றை மேலே தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும், அந்த ஊசலாட்டம் அலையாக மேலே போகும். காற்று மெலிய மெலிய வீச்சு பெருகும். 250 கிமீக்குப் போவதற்குள் அயனிகளையும் சேர்த்து இழுக்கிற அளவுக்கு வளர்ந்துவிடும்.

சர்வேதம்பி:
இரண்டு அலைவரிசை இருந்தால் அயனி மண்டலப் பிழை கழிந்துவிடும் என்றார்களே?

குறுஅலை:
தாமதம் கழியும். பகலிலும் அலை போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஒன்றின் நீளம் 100, 200 கிமீ. உன் 4 கிமீக்குள் பேஸும் ரோவரும் ஏறக்குறைய ஒரே தாமதத்தைத்தான் பார்க்கும். இரவுக் குமிழிக்குள் சில நூறு மீட்டர் அளவில் கரடுமுரடு இருக்கும். அதில் சிக்னல் மினுங்கும், ரிசீவரின் பிடி நழுவும். எல்2 இன்னும் மோசமாக அடிவாங்கும்.

கோணமானி:
அலை தினமும் இருக்கிறது, குமிழி தினமும் வருவதில்லை. அப்படியென்றால் முக்கியக் காரணம் அலையா, அந்திநேர மின்புலம் எஃப் அடுக்கைத் தூக்குவதா? மேகத்தின் மேல் பழி போடுவது பழைய பாடம்.

குறுஅலை:
தூக்கல் பலமாக இருந்தால் சின்ன நெளிவே போதும், பலவீனமான நாளில் அலை இல்லாமல் நடக்காது என்கிறேன். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக்கில் வெடித்த டோங்கா எரிமலையைப் பாருங்கள். ஆசியப் பக்கம் குமிழிக் காலமே இல்லை. அந்த அலை வந்து சேர்ந்ததும் குமிழி எழும்பவில்லையா?

கோணமானி:
அது லாம்ப் அலை. தரையை ஒட்டி ஒலி வேகத்துக்கு நெருக்கமாக உலகைச் சுற்றிய அழுத்த அலை. மேகத்தின் வழக்குக்கு எரிமலையைச் சாட்சி கூப்பிட்டால் எப்படி?

ரேடார்ரசிகன்:
திருப்பதி பக்கத்துக் கடங்கி ரேடாரின் 53 மெகாஹெர்ட்ஸ் படங்களைப் பாருங்கள், குமிழிகள் வரிசையாக இடைவெளி விட்டு எழும்பும். அலை இல்லாமல் அந்த ஒழுங்கு எங்கிருந்து வரும்?

கோணமானி:
எல்லா இரவுமா அப்படி ஒழுங்காக வருகிறது?

சர்வேதம்பி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் சார். எனக்கு நாளைக்கு லெவல்.

குறுஅலை:
ஆறரைக்குள் முடித்துவிடு. முடியாவிட்டால் விடிந்ததும் ஆரம்பி. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ சாட்டிலைட் இரண்டையும் ஆன் செய்து வை, ஒரு பக்க வானம் போனாலும் மிச்சம் கைகொடுக்கும். இரவில் ஃபிக்ஸ் என்று காட்டினாலும் தெரிந்த பாயின்ட்டில் வைத்துச் சரிபார்க்காமல் நம்பாதே. விழும் சாட்டிலைட்டெல்லாம் வானில் ஒரே பக்கமா என்றும் கவனி. குமிழி கிழக்கே நகரும், விழும் வரிசையும் மேற்கிலிருந்து தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

சர்வேதம்பி:
காலையில் போய் முடித்தாயிற்று. எல்லாம் ஃபிக்ஸ். லெவல் கொடுத்துவிட்டேன். நன்றி அண்ணே.

கோணமானி:
விழுந்தது எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? ராத்திரி ரிசீவர் பதிவு (லாக்) இருந்தால் போடுங்கள்.

பேஸ்பாண்டி:
எதற்கும் சிம்மை ஒருதரம் மாற்றிப் பாருங்கள்.