சாரல் மழையில் சும்மா கத்தும் ரிவர்ஸ் சென்சார்: எல்லையோர ஊர்களின் அனுபவப் பகிர்வு

செங்கோட்டை, வண்டி எலக்ட்ரிகல் வேலை

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் புளியரை, ஆரியங்காவு பக்கம் போய்வரும் கார்களில் ஒரே புகார்தான் வருகிறது. பின்னால் ஒன்றுமே இல்லை, ரிவர்ஸ் கியர் போட்டதும் விடாமல் ‘பீ...’ என்று கத்துகிறது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சென்சார் கெட்டிருக்காது. புதுசு வாங்கி மாட்டச் சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சென்சாரின் முகம் ஒரு சின்ன அலுமினியத் தகடு. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பீசோ வில்லை (மின்துடிப்பு கொடுத்தால் அதிரும் சின்ன வட்டு) தகட்டை விநாடிக்குச் சுமார் 40,000 தடவை அதிர வைக்கும். கம்பெனியிலிருந்தே வரும் சென்சார்களில் இன்னும் கூடுதல். ஒலியை அனுப்புவதும் அதே தகடு, திரும்பி வருவதைக் கேட்பதும் அதே தகடு. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு எதிரொலி வர ஏறக்குறைய 6 மில்லி விநாடி ஆகும். 30 செ.மீ. என்றால் 2 மில்லி விநாடிக்கும் குறைவு. கோயில் மணியை அடித்தால் ரீங்காரம் அடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் இல்லையா, அதுபோல அதிர்ந்த தகடு அடங்கவும் ஒரு மில்லி விநாடி அளவு பிடிக்கும். அதுவரை கன்ட்ரோல் யூனிட் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். தகட்டில் ஒரு கனத்த துளி உட்கார்ந்துவிட்டால் ரீங்காரம் அந்த நேரத்தையும் தாண்டி நீளும். யூனிட் காதைத் திறக்கும்போது மிச்ச அதிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஏதோ நிற்கிறது என்று அது கணக்குப் போட்டுவிடும். அதனால்தான் மழைநேரப் பொய்க் கத்தல் மெதுவாக ஆரம்பித்துக் கூடாமல், எடுத்த எடுப்பிலேயே விடாத சத்தமாக வருகிறது.

காற்றில் ஈரம் ஏறியதால் சென்சார் குழம்புகிறது என்று பல பேர் சொல்வார்கள். ஈரப்பதத்தால் ஒலியின் வேகம் மாறுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அது காரணம் இல்லை.

முக்கியமான இடம் வேறு. தகட்டைச் சுற்றி மெல்லிய சிலிகான் வளையம் ஒன்று இருக்கும். தகட்டின் அதிர்வு பம்பருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நகம்கூட நுழையாத ஒரு இடுக்கு. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். கீழ்ப்பாதியில் பிறை மாதிரி செம்மண் அப்பியிருக்கும். வெயிலில் அது பொடியாகக் கிடக்கும்வரை தொந்தரவு இல்லை. சாரல் பட்டதும் ஊறி உப்பித் தகட்டையும் வளையத்தையும் ஒன்றாகக் கட்டிவிடும். மேலே துணியால் துடைத்தால் முகம் பளபளக்கும், இடுக்கில் மண் அப்படியே இருக்கும். ‘துடைத்தும் கத்துகிறது, சென்சார் போச்சு’ என்று முடிவு கட்டுவது இங்கேதான்.

சுத்தம் செய்யும் முறை: முதலில் ஒரு மக் தண்ணீரை மேலிருந்து மெல்ல ஊற்றி மண்ணை ஊறவிடுங்கள், ஐந்து நிமிஷம். கார் ஷாம்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து, அழுத்தம் கொடுக்காமல் வளையத்தைச் சுற்றி வாருங்கள். பிறகு நல்ல தண்ணீர். கடைசியில் மைக்ரோஃபைபர் துணியின் முனையை முறுக்கி இடுக்கில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஊசி, சேஃப்டி பின், ஸ்க்ரூடிரைவர் முனை எதுவும் கிட்டவே வரக்கூடாது. வளையம் கிழிந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். வாட்டர் சர்வீஸில் தண்ணீர் பீய்ச்சும் கன்னைச் சென்சாரின் மேலேயே பிடிக்க விடாதீர்கள். குறைந்தது 30 செ.மீ. தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அடிக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தோடு வரும் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும்.

கம்பம், டூரிஸ்ட் வண்டி

செங்கோட்டை அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. நாலு சென்சாரில் எது கத்துகிறது என்று தெரியாமல் நாலையும் கழற்ற வேண்டாம். சமதரையில் நிறுத்தி, பின்னால் இரண்டு மீட்டருக்கு வெட்டவெளி இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சின் அணைந்த நிலையில் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றைத் துடையுங்கள், ஒதுங்கி நின்று கேளுங்கள், அடுத்ததைத் துடையுங்கள். எதைத் துடைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். சில யூனிட்கள் உடனே திருந்தாது. ஒருதடவை நியூட்ரலுக்கு வந்து மறுபடி ரிவர்ஸ் போட்டுப் பார்க்கணும்.

சென்சாரில் விரல் நுனியை லேசாக வைத்தால் ‘டிக் டிக்’ என்று துடிப்பு தெரியும். காதை வைத்தாலும் கேட்கும். மூன்றில் துடிப்பு இருந்து ஒன்றில் மட்டும் இல்லை என்றால் அது சென்சார் அல்லது வயர் கோளாறு, மழைமேல் பழி போட முடியாது.

ரிவர்ஸ் போட்டதும் ஒரே ஒரு நீண்ட சத்தம் வந்து நின்றுவிடுவதும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிவதும் பல வண்டிகளில் ‘சென்சார் கோளாறு’ என்பதற்கான அறிவிப்பு. பொருள் இருப்பதாகச் சொல்லும் பீப் அது கிடையாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. உங்கள் வண்டிப் புத்தகத்தில் இந்தச் சத்தங்களின் விவரம் இருக்கும், ஒருதடவை படித்துவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகும் வண்டிகளில் இன்னொரு விஷயம். ஏழு பேர், டிக்கி நிறைய இருமுடி, அரிசி, பாத்திரம். பின்பக்கம் தணிந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். பின் சென்சார்கள் எல்லாம் தரையைப் பார்க்க ஆரம்பிக்கும். மழையில் அரித்துப்போன மேடுபள்ளம், குவிந்து கிடக்கும் ஜல்லி எல்லாம் பொருளாகத் தெரியும். பின் டயரில் காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘ஃபுல் லோடு’ என்று போட்டிருக்கும் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முன் பம்பரில் கட்டும் மாலையும் தென்னங்குருத்தும் முன் சென்சாருக்கு முன்னால் ஆடினால் அதுவும் கத்தும். பக்தியாகக் கட்டுங்கள், சென்சார் வட்டத்தை விட்டு ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள்.

கூடலூர்

இங்கே நீலகிரியில் மழையோடு குளிரும் சேர்ந்து வரும். காலையில் வண்டியைக் கிளப்பி உடனே ரிவர்ஸ் எடுத்தால் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி பம்பரைத் தடவிக்கொண்டு மேலே ஏறும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளையும், கொஞ்சம் திரும்பியும் வரும். சைலன்சர் வாய்க்கு நேர் மேலே உள்ள சென்சார் மட்டும் விட்டு விட்டுக் கத்தினால் காரணம் இதுதான். எஞ்சின் சூடேறி ஆவி குறைந்ததும் தானாக நின்றுவிடும். ஒன்றும் கழற்ற வேண்டாம்.

நாடுகாணி சுரத்தில் (மலைப்பாதையில்) லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வேறு மாதிரி. ஏர் பிரேக் ‘புஸ்’ என்று காற்றை விடும்போது நம் காதுக்குக் கேட்காத, மிக வேகமாக அதிரும் ஒலியும் அதில் கலந்து வரும், சென்சார் அலைவரிசையிலேயே. பஸ் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். ஒரு பீப், இரண்டு பீப், பிறகு அமைதி. முன் சென்சார் உள்ள வண்டிகளில் மெதுவாக ஊர்ந்து போகும்போது இது அதிகம் தொந்தரவு செய்யும். பி எழுத்தும் அலைக்கோடுகளும் போட்ட பட்டன் இருந்தால் சுரம் தாண்டும்வரை அணைத்து வைக்கலாம். தாண்டியதும் ஞாபகமாகத் திரும்பப் போடுங்கள்.

தேயிலைத் தோட்ட ரோட்டோரம் இடுப்பளவு வளர்ந்த புல் மழையில் கனத்துச் சாய்ந்து பம்பரைத் தொட்டால் வரும் சத்தம் பொய் இல்லை, அங்கே புல் இருக்கிறது. அதைக் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

களியக்காவிளை, ஆக்சசரீஸ் ஃபிட்டிங்

2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றுக்கு வெளியே வாங்கி மாட்டிய கிட்தான். மழைக் கோளாறில் பாதி அந்த மாட்டலில் இருக்கிறது.

முதலாவது, சென்சாரின் பின்புறம் ‘அப்’ என்ற எழுத்தோ மேல்நோக்கிய அம்புக்குறியோ இருக்கும். தலைகீழாக மாட்டினால் பார்வை தரைக்குப் போகும். வெயில்காலத்தில் சிமென்ட் தரையில் தெரியாமல் ஓடிவிடும், மழையில் மண்ரோடு கிளறிக்கொண்டதும் மாட்டிக்கொள்ளும். கழற்றிப் பாதி சுற்று திருப்பினால் போதும். தரையிலிருந்து 50 செ.மீ.க்குக் கீழே துளை போட்டிருந்தாலும் இதே தொல்லைதான்.

இரண்டாவது, துளை. கிட்டோடு வரும் கட்டர் அளவுக்கே, பெரும்பாலும் 22 மி.மீ., போட வேண்டும். கை ஆடித் துளை பெரிசாகிவிட்டால் ஆட்டத்தை மறைக்கச் சுற்றிலும் சிலிகான் பேஸ்ட் அப்பிவிடுவார்கள். அது காய்ந்து இறுகி, வளையத்தின் மென்மையைக் கொன்றுவிடும். தகட்டின் அதிர்வு பம்பருக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரும். பேஸ்ட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் எடுத்துவிட்டு, சரியான அளவு ரப்பர் வளையம் போட்டு மாட்டுங்கள். பம்பர் டிங்கரிங் ஆகி வந்த வண்டியில் சென்சார்மேலும் சேர்த்து பட்டியும் இரண்டு மூன்று கோட் பெயின்ட்டும் அடித்திருந்தால் அதுவும் கனம்தான். அதன்மேல் தண்ணீர் வேறு சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும்.

மூன்றாவது, வயர். ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் இடத்தில் வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருந்தால் இரண்டு மழைக்காலத்தில் டேப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். டிஸ்ப்ளே மினுக்கும், பீப் திக்கும். சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள். டிக்கிக்குள் வயர் நுழையும் ரப்பர் குரோமெட்டுக்கு வெளியே வயரைக் கொஞ்சம் தொங்கலாக, ஆங்கில ‘யு’ மாதிரி விட வேண்டும். வயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். நேராக இழுத்து விட்டால் சொட்டுச் சொட்டாகக் கன்ட்ரோல் பாக்ஸுக்கே போய்ச் சேரும்.

தென்காசி

மழை விட்ட பிறகும் கத்துது, மத்தியானம் வெயில் ஏறினதும் நிற்குது, மறுநாள் சாரலில் திரும்ப ஆரம்பிக்குது. இடுக்கு சுத்தமாகத்தான் இருக்கு. இது என்ன அண்ணாச்சி?

செங்கோட்டை, வண்டி எலக்ட்ரிகல் வேலை

அது கப்ளரில், அதாவது ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளக்கில், ஈரம் இறங்கிய அடையாளம். அல்லது சென்சார் உடலில் முடி அளவு விரிசல். சாவியை அணைத்துவிட்டு, பின்னாலிருந்து கப்ளர் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் சீல் மடிந்தோ நகர்ந்தோ இருக்கிறதா, பின்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். களிம்பு லேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, கால் மணி நேரம் காயவிட்டு, சீலின் விளிம்பில் மட்டும் மின்சாரம் கடத்தாத டை-எலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவி மாட்டலாம். பெட்ரோல், தின்னர் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பின் அரித்துத் தேய்ந்திருந்தால் கப்ளரையே மாற்றுங்கள், சுரண்டி ஓட்டினால் அடுத்த மழைக்குத் தாங்காது.

சந்தேகம் தீரவில்லை என்றால் இடம் மாற்றிப் பார்க்கலாம். வெளிக் கிட் என்றால் கன்ட்ரோல் பாக்ஸில் சாக்கெட்டுகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து போட்டிருக்கும். சந்தேகப்படும் ஒயரைப் பக்கத்துச் சாக்கெட்டில் மாற்றிச் செருகுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் சென்சார் அல்லது அதன் ஒயர். நகராமல் அதே எழுத்தில் நின்றால் பாக்ஸ். கம்பெனி சென்சாரில் ஓரத்துக்கும் நடுவுக்கும் பார்ட் நம்பர் வேறாக இருக்கலாம், பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் தாங்காமல் ஃப்யூஸைப் பிடுங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சேறு திட்டாக அப்பினால் அதே சென்சார் கத்துவதற்குப் பதில் குருடாகவும் போகலாம். குற்றால சீசனில் பார்க்கிங்கில் குழந்தைகள் ஈரத்துண்டோடு வண்டிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். நனைந்த துணி, குட்டையான உருவம் இரண்டையும் சென்சார் சரியாகப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. சென்சார் பேசினாலும் பேசாவிட்டாலும் இறங்கி ஒருதடவை பின்னால் பார்த்துவிட்டு எடுங்கள்.

தென்காசி

சீல் மடிஞ்சுதான் இருந்தது, சரியாயிட்டு. தேங்காய் எண்ணெய் தடவினால் தண்ணீர் ஒட்டாது என்கிறார்களே, செய்யலாமா?

களியக்காவிளை, ஆக்சசரீஸ் ஃபிட்டிங்

செய்யாதீங்க. எண்ணெயில் தூசி ஒட்டும், அது இடுக்கில் இறங்கிச் செம்மண்ணோடு பசையாகிவிடும். கண்ணாடிக்கு அடிக்கும் தண்ணீர் ஒட்டாத திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு எடுத்து முகத்தில் மட்டும் தேய்த்து, காய்ந்ததும் முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டால் துளிகள் திரண்டு உருண்டுவிடும். சென்சார்மேல் நேராக ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். வண்டி வாரண்டியில் இருந்தால் அதற்கும் முன்னால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.