மேப்பிங், லோக்கலைசேஷன்ல பிஎச்டி: மதுரையிலிருந்து எங்கிட்டுப் போகலாம்?

திருநகர்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. முடிச்சு மூணு வருசமா மதுரைக்கு வெளிய ஒரு காலேஜ்ல லெக்சரர். பசங்க புராஜெக்ட்டுக்கு ஒரு குட்டி வண்டி செஞ்சு, மேல லேசரால சுத்தி தூரம் அளக்குற ஆர்பிலிடார் மாட்டி, ஸ்லாம் டூல்பாக்ஸ் ஓட்டினோம். வண்டி தானே மேப் போட்டுக்கிட்டே, தான் எங்க இருக்குன்னும் கண்டுபிடிக்கிற சாப்ட்வேர் அது. லேப்புக்குள்ள மேப் அச்சு மாதிரி வந்துச்சு. மூணாவது மாடி வராண்டாவுல விட்டா, அறுபது மீட்டர் வராண்டா நாப்பதா சுருங்கிப்போச்சு! அந்த இருபது மீட்டர் எங்கிட்டுப் போச்சுன்னு தேடித்தான் இந்தப் பக்கமே வந்தேன். இதுலயே பிஎச்டி பண்ணணும்னு ஆசை. கேட் பரிட்சை ஸ்கோர் காலாவதி ஆயிருச்சு. வீட்ல பொண்ணு பாக்குறாங்க. எங்க அப்ளை பண்ணலாம்?

பைபாஸ்ரோடு:
வேலையை விட்றாதீக தம்பி. பார்ட் டைமா பதிஞ்சுட்டு மெல்லப் பண்ணுங்க.

ஆவணிமூலவீதி:
மேல சொன்ன அண்ணனோட எனக்கு ஒத்துவரல. பார்ட் டைம்ல தீசிஸ் முடிச்சவங்களும் இருக்காங்க. ஆனா ரோபோ வேலைக்கு லேப்ல ராப்பகலா கிடக்கணும். காலேஜ்ல நாலு பீரியட் எடுத்துட்டு வந்து லிடாரைத் தொடத் தெம்பு இருக்காது. நானே ஒரு வருசம் அப்படி ஓட்டிப் பாத்துட்டுத்தான் விட்டேன்.

தம்பி, உங்க இருபது மீட்டர் எங்கயும் போகல. நீளமான வராண்டாவுல ரெண்டு பக்கச் சுவர் மட்டும்தான் லிடாருக்குத் தெரியும். கடைசிச் சுவர் எட்டாது. போன ஸ்கேனும் இந்த ஸ்கேனும் ஒரே மாதிரி இருக்குறதால, வண்டி நின்ன இடத்துலயே நிக்குதுன்னு நினைச்சுக்கும். இதுக்கு நேர் எதிர் வியாதி ஒன்னு இருக்கு. எங்க மாமா உசிலம்பட்டியில இருந்து கோயிலுக்கு வந்தா, மேலக் கோபுரத்துல செருப்பை விட்டுட்டு தெக்குக் கோபுரத்துல நின்னு காணோம்னு சண்டை போடுவாரு. வேற வேற இடம் ஒன்னாத் தெரியுறது. நாயக்கர் மகால்ல 248 தூண். உங்க வண்டியை அங்க விட்டா மாமா கதிதான். ஒரு தடவை தப்பான இடத்துல லூப் குளோஷர் (ஏற்கெனவே வந்த இடம்தான்னு மேப்பை இணைக்கிறது) ஆச்சுன்னா மொத்த மேப்பும் கோணிரும்.

இப்ப இடத்துக்கு வாரேன். பெங்களூர் ஐஐஎஸ்சி, ஐதராபாத் ஐஐஐடியோட ரோபாட்டிக்ஸ் ரிசர்ச் சென்டர், சென்னை ஐஐடி, மூணையும் பாருங்க. கேட் ஸ்கோர் மூணு வருசம்தான் செல்லும், அதனால மறுபடி எழுதிருங்க. நெட் பரிட்சையில ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா 2023ல இருந்து மாசம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி.

வெளிநாட்டுல ஜெர்மனியில பிஎச்டிங்கிறது பெரும்பாலும் சம்பள வேலை. பான் பல்கலைக்கழகத்து சிரில் ஸ்டாக்னிஸ் பாடங்கள் யூடியூப்ல இலவசமாவே கிடக்கு, முதல்ல அதை முடிங்க. கேமராவை வச்சு மேப் போடுற ஓஆர்பி ஸ்லாம் 2015ல வந்தது ஸ்பெயின் சரகோசாவுல இருந்து. பிரிஸ்பேன்ல குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல, பகல்ல பாத்த ரோட்டை ராத்திரி மழையில அடையாளம் கண்டுபிடிக்கிற வேலை நடந்துச்சு. 2012ல வந்த சீக்ஸ்லாம் அதுதான்.

புரொபசருக்கு மெயில் போடும்போது "உங்கள் ஆய்வில் ஆர்வம் உள்ளது"ன்னு எழுதாதீங்க, அது குப்பைக்குத்தான் போகும். அந்தச் சுருங்கின மேப்பை ஒட்டி, ஏன் சுருங்குச்சு, என்ன மாத்திப் பாத்தீங்கன்னு பத்து வரி எழுதுங்க. ஓட்டத்தைப் பதிஞ்ச பேக் ஃபைலை அழிக்கலேல்ல? சக்கரம் எவ்வளவு சுத்துதுன்னு எண்ணுற என்கோடர் இருந்துச்சா?

திருநகர்தம்பி:
அழிக்கல அக்கா. என்கோடர் இருந்துச்சு. நீங்க கேட்டதும் போய்ப் பாத்தேன், இடது சக்கரத்து ஒயர் கழண்டு தொங்குது. வெறும் ஸ்கேனை நம்பியே ஓடிருக்கு போல.

ஆவணிமூலவீதி:
ஒயரை சால்டர் பண்ணி ஒரு ஓட்டம், கழட்டிட்டு ஒரு ஓட்டம். ரெண்டையும் டேப் வச்சு அளந்து எழுதுங்க.

திருநகர்தம்பி:
சரிங்கக்கா. லிடார் பீரோ சாவி ஹெச்ஓடிகிட்ட இருக்கு, அவரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. திங்கக்கிழமை ஓட்டிட்டுப் போடுறேன்.