சார்லட், எமிலி முடித்தாயிற்று. ஆன் பிராண்ட்டே படித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: இரவுவாசகி

எல்லோருக்கும் வணக்கம். சார்லட்டின் ‘ஜேன் ஐர்’ இரண்டு தரம் படித்திருக்கிறேன். எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ போன மாதம்தான் முடித்தேன். அதில் வரும் ஹீத்கிளிஃப் மேல் கோபம் இன்னும் தணியவில்லை. அக்காமார் இரண்டு பேரும் ஆயிற்று, இனி கடைக்குட்டி ஆன் என்று நினைத்தால், கேட்ட இடத்திலெல்லாம் “ஆன் சுமார்தான், விட்டுவிடுங்கள்” என்கிறார்கள். அக்காமார் புகழில் ஒட்டிக்கொண்டு வந்தவர் என்றுகூட ஒருவர் சொன்னார். நிஜமாகவே அப்படியா? படிப்பதானால் ‘ஆக்னஸ் கிரே’ முதலிலா, ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ முதலிலா? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பதில்: பழையபதிப்பு

ஒட்டிக்கொண்டு வந்தவர் என்றாரே, அவருக்குத் தேதிகளைக் காட்டுங்கள். ‘ஆக்னஸ் கிரே’ 1846 நடுவிலேயே எழுதி முடிந்து பதிப்பாளர்களைத் தேடிக் கிளம்பிவிட்டது. ‘ஜேன் ஐர்’ அதற்கப்புறம்தான், அந்த ஆகஸ்டில், அப்பாவுக்கு மான்செஸ்டரில் கண்புரை அறுவை நடந்த நாட்களில் சார்லட் எழுத உட்கார்ந்தது. பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு கவர்னஸ், பெரிய அழகி இல்லை, கையில் காசில்லை, தன் கதையைத் தானே சொல்கிறாள். இதை அந்த வீட்டில் முதலில் நாவலாக்கியது தங்கைதான்.

அப்புறம் ஏன் ஆன் காப்பியடித்த மாதிரித் தெரிகிறது என்றால், அது பதிப்பாளர் செய்த வேலை. சார்லட்டின் கையெழுத்துப் பிரதி ஸ்மித், எல்டர் நிறுவனத்துக்குப் போய், மளமளவென்று 1847 அக்டோபரில் புத்தகமாகிவிட்டது. எமிலியும் ஆனும் மாட்டியது நியூபி என்ற ஆளிடம். முன்பணமாக 50 பவுண்டை அவர்களிடமே வாங்கிக்கொண்டு பிரதிகளைக் கிடப்பில் போட்டார். ‘ஜேன் ஐர்’ பிய்த்துக்கொண்டு விற்றதைப் பார்த்ததும் டிசம்பரில் அவசர அவசரமாக அச்சுப் பிழைகளோடு வெளியிட்டார். அக்காவின் புத்தகத்தைப் படித்த சூட்டில் தங்கையின் புத்தகத்தைத் திறந்தவர்களுக்கு அது ஆறிப்போனதாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று. மூன்று பேரில் வெளி உத்தியோகத்தில் தொடர்ந்து நிலைத்தவர் ஆன்தான். தார்ப் கிரீன் என்ற வீட்டில் 1840 முதல் 1845 வரை வேலை பார்த்தார். அந்த உத்தியோகத்தின் லட்சணத்துக்கு ஒரு கணக்கு: 1841ல் சார்லட் போன வேறொரு வீட்டில் வருடச் சம்பளம் 20 பவுண்டு, அதில் துணி வெளுக்க 4 பவுண்டு பிடித்தம். எஜமானியம்மாவுக்குச் சமமும் இல்லை, சமையலறைக்காரர்களோடு சேர்த்தியும் இல்லை. ‘ஆக்னஸ் கிரே’யில் ஒரு இடம் வரும். அவள் பாடம் சொல்லும் பையன், கூட்டிலிருந்து எடுத்து வந்த பறவைக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வதைக்கப்போவதாகக் குதிக்கிறான். அவனைத் தடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. பெற்றவர்கள் அவன் பக்கம். தட்டையான பெரிய கல் ஒன்றைத் தூக்கி வந்து, குஞ்சுகளை ஒரே அடியில் தானே நசுக்கிவிடுகிறாள். அரைப் பக்கம்கூட வராது. இதை எழுதியவரையா சாது, சுமார் என்கிறார்கள்?

‘வைல்ட்ஃபெல் ஹால்’ இதைவிடக் காரம். குடிகாரப் புருஷன் தன் சின்னப் பையனுக்கு மதுவும் வசவும் பழக்கிவிடுகிறான். தாய் ஹெலன் அதே மதுவில் வாந்தி மருந்தைக் கொஞ்சம் கலந்து பிள்ளைக்குக் கொடுக்கிறாள், அந்த வாசனையே அவனுக்கு வெறுத்துப் போகட்டும் என்று. படம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று அவள் திட்டம் போட்டது தெரிந்ததும், வரையும் சாமான்களை அவன் நெருப்பில் போடுகிறான். இங்கே அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டம் தெரிந்தால்தான் அவள் நெஞ்சுரம் புரியும். கல்யாணமானவள் சம்பாதித்த காசு புருஷனுடையது. பிள்ளையும் அவனுடையது, 1839ல் வந்த சட்டம்கூட ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்காகத் தாய் நீதிமன்றத்தில் மனுப் போட வழி விட்டதே தவிர, உரிமை கொடுக்கவில்லை. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று வந்தது 1870ல். ஆனின் புத்தகம் வந்தது 1848ல். இதற்கு மேல் சொன்னால் திட்டுவீர்கள்.

இந்தப் புத்தகம் அப்போது நன்றாகவே விற்றது, சில வாரங்களில் இரண்டாம் பதிப்பு வந்தது. மறக்கடித்தது யார் என்றால், சொல்லச் சங்கடமாக இருக்கிறது, சார்லட்தான். தங்கைகள் போனபின் 1850ல் ‘வுதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ இரண்டையும் தானே மேற்பார்வை பார்த்து மறுபதிப்புக் கொண்டுவந்தார். ‘வைல்ட்ஃபெல் ஹால்’ மட்டும் வேண்டாம், அந்தக் கருவைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்று பதிப்பகத்துக்கு எழுதிவிட்டார்.

பதில்: மூத்தவள்

நான் மூன்று பெண்களில் மூத்தவள், அதனால் சார்லட் கட்சி. பழையபதிப்பு சார் சொன்ன தேதிகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1848 செப்டம்பர் 24, தம்பி பிரான்வெல். டிசம்பர் 19, எமிலி. 1849 மே 28, ஸ்கார்பரோ கடற்கரை ஊரில் ஆன். எட்டு மாதச் சொச்சத்தில் மூன்று சாவு. அதற்கு முன்பே, 1825ல், மரியா, எலிசபெத் என்ற இரண்டு அக்காக்களைக் காசநோய்க்குக் கொடுத்தவர் சார்லட்.

‘வைல்ட்ஃபெல் ஹால்’ விஷயத்துக்கு வருகிறேன். பிரான்வெல்லும் அதே தார்ப் கிரீனில்தான் 1843 முதல் பையனுக்குப் பாடம் சொல்லப் போனான். 1845ல் வேலையிலிருந்து விரட்டப்பட்டு வீடு திரும்பினான். அப்புறம் குடி, அபின், கடன். ஒரே கூரைக்குக் கீழே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆன். புத்தகத்தில் வரும் குடிகாரன் அப்படியே தம்பி இல்லைதான், ஆனால் அக்காவின் கண்ணுக்கு எப்படிப் பட்டிருக்கும்? விமர்சகர்கள் வேறு ஆபாசம், முரட்டுத்தனம் என்று எழுதினார்கள். செத்துப்போன தங்கையை இன்னொரு தரம் ஏச விட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். சரி என்று சொல்லவில்லை. எனக்குப் புரிகிறது, அவ்வளவுதான்.

சார்லட் இல்லாவிட்டால் இவர்கள் எழுதியது அச்சைப் பார்த்திருக்குமா என்பதும் சந்தேகம். 1845ல் எமிலியின் கவிதை நோட்டைக் கண்டெடுத்து, அவள் கத்திய கத்தலைச் சமாளித்து, மூன்று பேர் கவிதைகளையும் சொந்தக் காசில் போட வைத்தவர் அவர். ஆண் பெயர்போலத் தொனிக்கும் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களில் வந்த அந்தப் புத்தகம் முதல் வருடத்தில் விற்றது 2 பிரதி! அப்புறம் நியூபி, ஆனின் புத்தகமும் ‘ஜேன் ஐர்’ எழுதியவருடையதுதான் என்று அமெரிக்காவில் விற்கப் பார்த்தபோது, சார்லட்டும் ஆனும் மழையோடு மழையாகக் கீத்லி வரை நடந்து, ராத்திரி ரயில் பிடித்து லண்டன் போனார்கள். பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்தின் கையில், கரர் பெல்லுக்கு அவர் எழுதிய கடிதத்தையே சார்லட் நீட்ட, அது எப்படி உங்களுக்குக் கிடைத்தது என்று கேட்டாராம் அவர். எமிலி அசையவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் என்னாலும் மன்னிக்க முடியாது. 1850 பதிப்பில் எமிலியின் கவிதை வரிகளில் சார்லட் கை வைத்தார். ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் கிழவன் ஜோசப் பேசும் யார்க்‌ஷயர் வட்டார வழக்கையும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று திருத்தினார். அக்காமாருக்கு உள்ள வியாதி அது.

பதில்: ஓய்வில்இருப்பவன்

இலக்கியம் எனக்குத் தூரம், சுகாதாரத் துறையில் இருந்தவன். “சாபம் பிடித்த குடும்பம்” என்று எழுதுகிறவர்கள் 1850ல் பாபேஜ் என்ற ஆய்வாளர், இவர்கள் வாழ்ந்த ஊரான ஹாவர்த் பற்றிக் கொடுத்த அறிக்கையைப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் இறந்தவர்களின் சராசரி வயது 25.8. ஆறு வயதுக்குள் இறந்தவர்கள் 41.6 சதவீதம். நிரம்பி வழிந்த இடுகாடு, சாக்கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் ஒழுங்கில்லை. பிரான்வெல் 31, எமிலி 30, ஆன் 29, சார்லட் 38 என்றால் ஊர்ச் சராசரியைத் தாண்டியவர்கள்தான். ஆய்வாளரை வரவழைக்க மனுப் போட்டு மல்லுக்கு நின்றவர் இவர்களுடைய அப்பா, பாதிரியார் பாட்ரிக். அவர் 84 வயது வரை இருந்து, ஆறு பிள்ளைகளுக்கும் பின்னால் 1861ல் போனார். எனக்கு அந்த வீட்டில் பிடித்த ஆள் அவர்தான்.

இரவுவாசகி

எல்லோருக்கும் நன்றி. ‘வைல்ட்ஃபெல் ஹால்’ இலவச மின்னூல் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். ஆனின் முன்னுரை இருக்கிறது. முதல் அத்தியாயம் “1827 இலையுதிர் காலத்துக்கு என்னோடு வாருங்கள்” என்கிற மாதிரி ஆரம்பிக்கிறது. கதை சொல்கிறவன் யாரைக் கூப்பிடுகிறான் என்றே தெரியவில்லை.

பழையபதிப்பு

அதை வைத்துவிடுங்கள், வெட்டுப்பட்ட பதிப்பு அது. 1854ல் மலிவு விலைக்காக ஒரே தொகுதியில் அடைத்தவர்கள், தொடக்கத்தில் ஹால்ஃபர்ட் என்ற நண்பனுக்கு எழுதும் கடிதத்தையே தூக்கிவிட்டார்கள். அவனைத்தான் கூப்பிடுகிறான். பின்னால் வந்த பல பதிப்புகள் அதையே பார்த்து அச்சடித்தன. முன்னுரை இருப்பதை வைத்து நம்ப முடியாது. அந்தக் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். 1992ல் வந்த கிளாரண்டன் ஆய்வுப் பதிப்பின் பாடத்தைத் தழுவியது என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

வரிசை கேட்டீர்கள். ‘ஆக்னஸ் கிரே’ முதலில், சின்னப் புத்தகம். மூத்தவள் அம்மாவுக்கு ஒன்று: ஸ்கார்பரோ கல்லறையில் இருந்த பிழைகளை 1852ல் உங்கள் சார்லட் போய்த் திருத்தச் சொல்லியும், வயது மட்டும் 28 என்றே நின்றுவிட்டது. நீங்கள் சொல்ல வருவதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறேன், அது கல்தச்சன் தப்பு.